குடத்துக்கு மறுமொழி

செவல்மேட்டில் பாத்திரங்கள் பேசத் தொடங்கியது பங்குனிப் பொங்கல் முடிந்து, பந்தல்காரர்கள் கம்புகளை உருவிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில். முதலில் வாய் திறந்தது எந்த வீட்டுப் பாத்திரம் என்பதில் ஊருக்குள் இன்றுவரை வழக்கு இருக்கிறது. வடக்குத்தெருக்காரர்கள் தங்கள் வீட்டு இட்லிக் கொப்பரைதான் என்பார்கள். கீழத்தெருக்காரர்களோ அதற்கும் முன்னால் தங்கள் வீட்டுச் சொம்பு பேசிவிட்டது, தூக்கக் கலக்கத்தில் யாரும் காது கொடுக்கவில்லை, அது சொம்பின் குற்றமா என்பார்கள். என்ன பேசியது என்பதில் மட்டும் வழக்கில்லை. பேர் வெட்டிய பாத்திரம் எதுவானாலும், தரையிலோ அடுப்பிலோ மேசையிலோ வைத்த உடனே, தன்மேல் வெட்டியிருந்ததைப் படித்து, நான் இன்னாருடையது என்றது. ஒரு தடவைதான் சொல்லும். எடுத்துத் திரும்ப வைத்தால் திரும்பச் சொல்லும். அதில் கோபமும் கிடையாது, குழைவும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்கிற குரல் மாதிரி ஒரு குரல், அவ்வளவுதான்.

பேர் வெட்டாத பாத்திரம் அந்த வட்டாரத்தில் குறைவு. சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே இருக்கிற ஊர்களில் சீர் கொடுப்பவர்களுக்குச் சீரைவிட அதன்மேல் இருக்கிற எழுத்துதான் பெரிசு. எவர்சில்வர் குடத்தை வாங்கின கையோடு கடைவாசலில் உட்கார்ந்திருக்கிற பேர் வெட்டுகிறவரிடம் நீட்டுவார்கள். அவர் பேனா மாதிரி ஒரு மிஷினைப் பிடித்து, வண்டு பறக்கிற சத்தத்தோடு, கழுத்துக்குக் கீழே ஒரு வரி ஓட்டுவார். பெண்ணின் பேர், அதற்கு முன்னால் கட்டினவனின் முதலெழுத்து. மாமன் கொடுத்ததென்றால் மாமன் பேரும் ஊரும். மாமன் கொஞ்சம் வசதியானவர் என்றால் அவருடைய கடைப்பேரும். நாளைக்கு அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறபோதோ, மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறபோதோ, எந்தக் கரண்டி யாருடையது என்று அந்த எழுத்துதான் சாட்சி சொல்ல வேண்டும். ஊரில் இத்தனை சாட்சிகள் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு அலமாரியில் அடுக்கி இருந்ததுதான் ஆச்சரியமே தவிர, ஒருநாள் அவை பேசியது ஒரு ஆச்சரியமில்லை என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள்.

காரச்சேவுக் கடை தவசிமணியின் வீட்டில் அன்று காலை செண்பகக்கனி குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"நான் மங்களேஸ்வரியுடையது," என்றது குடம்.

செண்பகக்கனி பயப்படவில்லை. "தெரியும், சும்மா கிட," என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்தை எடுக்கப் போனாள். அதுவும் மங்களேஸ்வரியுடையதுதான். பால்ச்சட்டி, தோசைமாவுத் தூக்கு, எண்ணெய்ச் செம்பு, வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கிற அடுக்கு டம்ளர்கள், எல்லாமே மங்களேஸ்வரியுடையவை. மங்களேஸ்வரி தவசிமணியின் மூத்த சம்சாரம். மகள் இளமதி நடக்கப் பழகி, ஓடப் பழகுவதற்குள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவள் கொண்டுவந்த பாத்திரங்கள் நின்றன, பிள்ளை நின்றது. இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று தீப்பெட்டி ஆபீஸில் வேலைசெய்துகொண்டிருந்த செண்பகக்கனியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் வீட்டில் சீர் செய்ய ஒன்றுமில்லை. "பாத்திரம் எதுக்கு, அங்கதான் நெறஞ்சு கிடக்கே," என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். அது பெருந்தன்மை என்றும் இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டார்கள். ஆக அந்த வீட்டில் அவள் பேர் வெட்டின பாத்திரம் ஒன்றுகூட இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவள் இன்னொருத்தியின் பேரைத்தான் தினம் இரண்டு வேளை தேங்காய்நார் போட்டுப் பளபளவென்று துலக்கி வைத்தாள். மங்களேஸ்வரியின் ‘ங்’ எங்கே வளையும், ‘ஸ்’ எங்கே லேசாகப் பிசிறடித்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லுவாள்.

ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் இரவல் பாத்திரங்களின் வாரமாக இருந்தது. கொழுக்கட்டை போட்டுக் கொடுத்துவிட்ட கிண்ணங்கள், ரசம் வாங்கிப்போன தூக்குகள், சடங்கு வீட்டில் கைமாறின தாம்பாளங்கள் எல்லாம் விருந்தாளி முன்னால் வைத்ததும் பக்கத்து வீட்டுக்காரியின் பேரைச் சொல்லின. "அட, நான் இன்னைக்குத் திருப்பிக் குடுக்கணும்னு எடுத்து வச்சேன்," என்று எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் வீட்டில் ஒரு கனத்த டம்ளர், "நான் ரயிலுக்குரியது," என்றது. போஸ்ட்மாஸ்டர் கொஞ்சமும் அசராமல், "பொதுமக்கள் சொத்துன்னு போட்டிருக்காம்லப்பா, நானும் பொதுமக்கள்தான," என்றார். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைக்கிற அண்டா, முன்னாள் ஒன்றியக் கவுன்சிலரும் அரிசி மண்டி அதிபரும் இளைஞரணிப் புரவலருமாகிய ஒருவர் தமது வெள்ளிவிழா மணநாளை முன்னிட்டுக் குடும்பத்தாருடன் உபயம் செய்தது. அது தன் வரலாற்றைச் சொல்லி முடிக்கிறவரை வெல்லம் போடக் கூடாது, குறுக்கே பேசினது மாதிரி ஆகிவிடும் என்று பூசாரி காத்திருந்ததில் பொங்கல் அடிப்பிடித்தது.

டீக்கடையில் கொக்கியில் தனியாகத் தொங்குகிற சில டம்ளர்கள் உண்டு. தெற்குத்தெருக்காரர்கள் வந்தால் அதில்தான் டீ. அவை மட்டும் ஊமையாக இருந்தன. யாருக்கென்று ஊருக்கே தெரியும். அதை வெட்டிவைக்கத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. யாரோ மனுப்போட்டு, ஒரு அதிகாரி விசாரிக்க வந்தபோது, டீக்கடைக்காரர் ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக் காட்டினார். "பாத்தீகளா சார், ஒண்ணும் சொல்லல." அதிகாரியும் டம்ளர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டு, தனக்கு வந்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். தெற்குத்தெருக்காரர்கள் சொன்னார்கள்தான். ஆனால் அந்தச் சமயத்தில் செவல்மேட்டில் மனுஷர்கள் சொல்வதற்கு மதிப்புக் குறைந்துபோயிருந்தது.

அப்படித்தான் ஆகிப்போயிற்று. பாத்திரம் பொய் சொல்லாது என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பங்காளிச் சண்டையா, கொண்டுவா அண்டாவை. பாகம் பிரித்ததில் எது யாருக்கு என்று சந்தேகமா, வை அந்தத் தவலையை. ஒருவன் இரவல் வாங்கின குத்துப்போணியில் பழைய பேருக்குக் கீழேயே தன் பேரையும் வெட்டிப் பார்த்தான்; போணி இரண்டு பேரையும் ஒரே குரலில் சொன்னது. அதைக் கேட்டுப் பஞ்சாயத்தார் போணி இருவருக்கும் பொது என்று தீர்ப்புச் சொன்னார்கள். பாத்திரத்துக்கென்று தனி வாய் கிடையாது, வெட்டினவன் வாய்தான் அதன் வாய் என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

கல்யாணங்களில் ஒரு புது முறையும் வந்தது. பெண்வீட்டுச் சீர்க் குடத்தைப் பெண்ணின் தாயார் கொண்டுபோய் மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இறக்குவது எப்போதும் உள்ள வழக்கம். பாத்திரங்கள் பேச ஆரம்பித்த பிறகு நடந்த முதல் கல்யாணத்தில், கொடுத்தவள் என்று வெட்டியிருந்த தன் பேரைக் குடம் சொன்னதும், மரியாதை தெரிந்த அந்த அம்மாள் பதற்றத்தில், "ஆமா, நான்தான்," என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது கல்யாணத்தில் குடத்துக்கு மறுமொழி சொல்லியாயிற்றா என்று கேட்டார்கள். மூன்றாவது கல்யாணத்தில் அது தலைமுறை தலைமுறையாக வருகிற சடங்காகிவிட்டது. மேளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். அமலோற்பவம் என்று பேர். பழைய எழுத்துகளைப் படித்து, அந்தக் காலத்து ஜனங்கள் தங்களை யாரென்று நினைத்துக்கொண்டார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை. வீடு வீடாகப் போனவர் சேவுக்கடைக்காரர் வீட்டுக்கும் வந்தார். செண்பகக்கனி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "நான் மங்களேஸ்வரியுடையது," என்றது டம்ளர். பேராசிரியை கையிலிருந்த சின்னக் கருவியை வாய்க்கு அருகே கொண்டுபோய், "வீட்டு அம்மா பேரு மங்களேஸ்வரி," என்று பதிந்துகொண்டார். செண்பகக்கனிக்குச் சிரிப்பு வந்தது. தவசிமணி திருத்த வாயெடுப்பதற்குள் பேச்சு இத்தாலிக்குப் போய்விட்டது.

"இது ஒண்ணும் புதுசில்லைங்க," என்றார் பேராசிரியை. "ரோமாபுரி பெருசாகிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் எட்ருஸ்கர்னு ஒரு ஜனங்க இருந்தாங்க. கிண்ணத்துல, குடத்துல எல்லாம் ‘நான் இன்னாருடையது’, ‘என்னை இன்னார் கொடுத்தார்’ அப்படீன்னுதான் வெட்டி வைப்பாங்க. பாத்திரமே பேசுற மாதிரி."

வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்த போஸ்ட்மாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப நம்ம ஊரு முதல் ஊரு இல்லையா?"

"அதுக பேசலைங்க. எழுத்துல மட்டும்தான். அந்தப் பாஷையே இன்னும் முழுசாப் பிடிபடலை. எழுத்தை வாசிச்சிடலாம், அர்த்தம் பாதி தெரியாது. பேரு மட்டும் நல்லா விளங்கும்."

"கல்யாணப் பத்திரிகை மாதிரின்னு சொல்லுங்க," என்றார் போஸ்ட்மாஸ்டர், சமாதானமாகி.

"ஒரு விசேஷம் என்னன்னா, ரோமாபுரியில பொம்பளைன்னா பெரும்பாலும் குடும்பப் பேருதான். இவங்ககிட்ட பொம்பளைக்கும் சொந்தப் பேரு இருந்துச்சு. கல்லறையில ஒரு ஆளோட பேருக்குப் பக்கத்துல அப்பா பேரு மட்டுமில்ல, அம்மா பேரையும் வெட்டி வச்சாங்க."

செண்பகக்கனி கதவோரம் நின்றவள் கேட்டாள்: "பேரு வெட்டாதவுகளும் இருந்திருப்பாகள்ல? அவுகள என்ன செய்வீக?"

பேராசிரியை கருவியைக் கீழே வைத்தார். "அவங்க இருந்திருப்பாங்கம்மா. ஆனா எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார். நேர்மையான பெண். காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லாருந்துச்சு மங்களேஸ்வரியம்மா," என்று சொல்லிப் போனார்.

அடுத்த மாதமே ஊரில் ‘இத்தாலி வெட்டு’ என்று ஒன்று பிரபலமாகிவிட்டது. பெண்ணின் பேரோடு அவள் அம்மா பேரையும் சேர்த்து வெட்டுவது. "இத்தாலி வெட்டா, சாதா வெட்டா?" என்று பேர் வெட்டுகிறவர் கேட்பார். சாதா வெட்டு என்று சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

அந்த ஆனி மாதத்தில்தான் இளமதியைப் பெண் பார்க்க அருப்புக்கோட்டையிலிருந்து வந்தார்கள். இளமதி கோவில்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவள். பையன் அங்கே மெஷின் பழுதுபார்க்க வந்துபோகிறவன். மெஷின் அடிக்கடி பழுதாக ஆரம்பித்ததும் இரண்டு வீட்டுக்கும் விஷயம் எட்டிவிட்டது. பையனின் அம்மா பொன்ராணி கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். செண்பகக்கனி காப்பித் தட்டை நடுவில் வைத்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்தவர்கள் முன்னால் வைக்க வைக்க, நான் மங்களேஸ்வரியுடையது, நான் மங்களேஸ்வரியுடையது என்று கூடம் முழுக்க ஒரு சுற்று வந்தது.

"மங்களேஸ்வரியா! எங்க பெரியம்மா பேரு," என்று பொன்ராணி செண்பகக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, நான் மங்களம்னே கூப்பிடுதேன். பாத்த உடனே மனசு ஒட்டிக்கிருச்சு."

அந்த ஒரு நொடியில் செண்பகக்கனி சொல்லியிருக்கலாம். ஆனால் கையைப் பிடித்து ஒருத்தி அவ்வளவு பிரியமாகப் பேசுகிறபோது, அந்தப் பேர் உள்ளவள் செத்துப்போனாள் என்று எப்படிச் சொல்வது, அதுவும் நல்ல காரியம் பேச வந்த இடத்தில். சிரித்து வைத்தாள். சிரித்து வைத்தது சம்மதமாகப் போயிற்று. கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கிற வேலையை மாப்பிள்ளை வீட்டார் தாங்களே எடுத்துக்கொண்டதில், தவசிமணி – மங்களேஸ்வரி தம்பதியரின் மகள் என்று தங்க மையில் வந்துவிட்டது. பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று ஒரு சொல் இல்லை.

தவசிமணி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சண்டையென்றால் கடைக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம். "இப்பப் போய்ச் சொன்னா ஏமாத்திட்டோம்னு சொல்ல மாட்டாகளா? இத்தனை நாளு ஏன் மறைச்சீகம்பாக. கல்யாணம் முடியட்டும் பிள்ள, பொறவு பதமாச் சொல்லிக்கிருவோம்."

"நான் போய் இப்பவே சொல்லிருதேன்," என்று இளமதி செருப்பை மாட்டினாள். "எங்கம்மா பேரு செண்பகக்கனின்னு சொல்றதுக்கு எனக்கு என்ன பயம்?"

செண்பகக்கனி அவளை இழுத்து உட்காரவைத்தாள். "அந்தப் பையன உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"ரொம்பவா?"

இளமதி குனிந்து செருப்பைப் பார்த்தாள்.

"அப்பச் செருப்பக் கழத்து," என்றாள் செண்பகக்கனி.

எல்லாரையும்விட விஷயத்தைச் சுலபமாக எடுத்துக்கொண்டது மங்களேஸ்வரியின் கூடப்பிறந்த அண்ணன் சங்கிலிமுத்துதான். தங்கை இடத்துக்கு வந்தவள் என்று செண்பகக்கனியிடம் இத்தனை வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர், மருமகள் இளமதியைப் பார்க்க வந்தால் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர், பத்திரிகையைப் பார்த்த மறுநாள் இரண்டு பை நிறையக் காய்கறியோடும் ஒரு சேலையோடும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, நல்லாருக்கியா?"

அவள் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"ஒன்னையத்தான். பாத்திரம் சொல்லிருச்சு, பத்திரிகை சொல்லிருச்சு, பொறவென்ன? எனக்கும் பொறந்தவன்னு சீர் செய்ய ஒருத்தி வேணும்ல." அந்தக் கல்நெஞ்சுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார், அதுதான் அதில் கஷ்டம்.

இப்படியாகச் செண்பகக்கனிக்கு அண்ணன் கிடைத்தார். கோயிலில் தாய்மாமன் வீட்டு வரிசையில் இடம் கிடைத்தது. தெருவில் முதலில் கேலியாகத்தான், "என்ன மங்களம், மார்க்கெட்டுக்கா?" என்றார்கள், ஆடி பிறப்பதற்குள் கேலி உதிர்ந்துவிட்டது, பேர் ஒட்டிக்கொண்டது. அவளே ஒருநாள் ரேஷன் கடையில் யாரோ மங்களேஸ்வரி என்று கூப்பிடத் திரும்பிப் பார்த்தாள். சுகமாகத்தான் இருந்தது. ஒரு பேருக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் இத்தனை பேர் நாற்காலி போடுவார்கள் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆடி மாதத்து நடுவில் மங்களேஸ்வரியின் தெவசம் வரும். வருஷம் தவறாமல் செண்பகக்கனிதான் சமைப்பாள். மங்களேஸ்வரிக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு, சீனிப் பணியாரம், எல்லாவற்றையும் அவளுடைய பாத்திரத்திலேயே பொங்கி, அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைப்பாள். பார்த்தே இராத ஒருத்தியோடு அவளுக்கு அப்படி ஒரு பேச்சுவார்த்தை இருந்தது. ‘உப்புப் பத்தாட்டா பாத்துக்க, உன் சட்டிதான்,’ என்பாள். இந்த வருஷம் மொச்சையை ஊறப் போட்டபோது சங்கிலிமுத்து வந்து தடுத்தார்.

"என்ன தங்கச்சி இது? உசிரோட இருக்கிறவளுக்கு யாராவது தெவசம் குடுப்பாகளா? அருப்புக்கோட்டைக்காரங்க காதுக்குப் போனா என்ன ஆகும்?" என்று சொல்லி, சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, பரணில் வைத்தார். செண்பகக்கனி ஊறின மொச்சையை என்ன செய்வதென்று தெரியாமல் அன்றைக்கு மாட்டுக்குப் போட்டாள். தெவச நாள் மற்ற நாட்களைப் போலவே வந்து போயிற்று. அன்று முழுக்க அவள் எந்தப் பாத்திரத்தைக் கீழே வைத்தாலும் அது சொன்னதைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முன்பெல்லாம் அந்தப் பேரைக் கேட்டால் இன்னொருத்தி அந்த வீட்டில் இருந்தாள் என்று தெரியும். இப்போது அந்தப் பேரைக் கேட்டால் யாருமே இல்லை என்று தெரிந்தது.

ஆவணியில் கல்யாணம். சீர்க் குடம் தாய்மாமன் செலவு, இத்தாலி வெட்டு. மண்டபத்துக்கு வருகிற வழியெல்லாம் தவசிமணி செண்பகக்கனியின் காதோரம், "ரெண்டே வார்த்தைதான். ஆமா, நான்தான். அவ்வளவுதான் பிள்ள," என்று சொல்லிக்கொண்டே வந்தார். சங்கிலிமுத்து பட்டு வேட்டியில், தங்கைக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்றார்கள், பொன்ராணி நடுவில். மேளத்தை நிறுத்தினார்கள்.

செண்பகக்கனி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நான் மங்களேஸ்வரி மகள் இளமதியுடையது," என்றது குடம்.

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவளுக்குச் சொல்ல வேண்டியது தெரியும், தொண்டைவரைக்கும் வந்தும் விட்டது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் மங்களேஸ்வரி என்றொருத்தி காமாலையில் மஞ்சளாகிக் கிடந்ததும், சாகிறபோது பிள்ளையைத் தூக்கிக்கொடு என்று கையை நீட்டினாளாம் என்று ஊர் சொல்லக் கேட்டதும், பிறகு அந்தப் பிள்ளை அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தவள் ஒருத்தி என்பதும், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுததைத் தூக்கிக்கொண்டு ஓடினவள் ஒருத்தி என்பதும், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து, இரண்டு பெண்கள் இருந்த இடத்தில் ஒரு குடம் மட்டும் நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"குடம் சொல்றது சரிதான்," என்றாள். "மங்களேஸ்வரிதான் பெத்தா. பிள்ளை ஓடப் பழகுமுன்ன செத்துப்போனா. நான் வளத்தவ."

வாசலில் நின்ற கூட்டம் மூச்சை இழுத்தது. தவசிமணி ஒதுங்கி நிற்க இடம் தேடினார். கடை அங்கே இல்லை.

"தங்கச்சி!" என்று சங்கிலிமுத்து பல்லைக் கடித்தார். "என்ன பேசுத?"

"உங்க தங்கச்சி செத்துப்போயிட்டா அண்ணாச்சி. இந்த வருசம் அவளுக்கு நாம ஒரு இலை போடல." அவள் குரல் உயரவில்லை. "என்னைய அவளாக்கிட்டு, அவளுக்கு ஒருவாய்ச் சோறு இல்லாம ஆக்கிட்டோம்."

சங்கிலிமுத்து தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பொன்ராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஆனி மாசத்துல இருந்து நான் யாரை மங்களம் மதினி, மங்களம் மதினின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

"என்னையத்தான்."

"ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"டம்ளர் முந்திக்கிருச்சு மதினி."

யாரோ ஒருவர் சிரிக்கப் போய் இருமலாக மாற்றிக்கொண்டார். பஞ்சாயத்தார் ஒருவர் பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்து, "இந்தம்மாதான் வளத்துச்சுங்கதுக்கு அத்தாட்சி என்ன? பாத்திரம் பண்டம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

மணப்பெண் அறையின் ஜன்னலிலிருந்து, பாதித் தலை பின்னினபடிக்கு, இளமதியின் குரல் வந்தது. "யாருய்யா அது அத்தாட்சி கேக்கிறது? நான் நிக்கேன்ல, கண்ணு தெரியலையா?"

பஞ்சாயத்தார் கூட்டத்துக்குள் போய்விட்டார். மாப்பிள்ளை, தன்னை யாரும் எதுவும் கேட்காததால், ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

பொன்ராணி ஒரு அடி முன்னால் வந்தாள். குடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, அன்றைக்குக் கூடத்தில் பிடித்த மாதிரியே கையைப் பிடித்தாள். கொஞ்சம் கோபத்தோடு, கொஞ்சம் இறுக்கி. "உங்க பேரு என்ன மதினி?"

அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. தவசிமணி வீட்டுக்காரி என்றார்கள், இளமதி அம்மா என்றார்கள், இரண்டாந்தாரம் என்றார்கள், கடைசியில் மங்களம் என்றார்கள். மேளக்காரர்கள் உட்பட எல்லாரும் காத்திருந்தார்கள், குடத்தை இறக்கிவிட்டுக் காத்திருக்கிற மாதிரியே.

"செண்பகக்கனி," என்றாள்.

சொல்லிவிட்டு, அது தன் காதில் எப்படி விழுகிறது என்று கேட்கிறவள் மாதிரி கொஞ்சம் நின்றாள். பொன்ராணி மேளக்காரர்களைப் பார்த்து, "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கீக, வாசிங்க, முகூர்த்தம் போகுதுல்ல," என்று அதட்டினாள். நாகஸ்வரம் எடுத்தது. உள்ளே போகிறபோது அவள் செண்பகக்கனியின் தோளோடு தோள் உரச நடந்து, யாருக்கும் கேட்காதபடி வாயைக் காதருகே கொண்டுவந்தாள்.

"எங்க வீட்டுல அண்டா, தவலை, கரண்டி அம்புட்டும் எங்க மாமியா பேரைத்தான் சொல்லுது மதினி. அவுக போய்ச் சேந்து எத்தனையோ வருசமாச்சு. நான் அடுப்புல சட்டிய வைக்கும்போதெல்லாம் அந்த அம்மா பேரைக் கேட்டுக்கிட்டுத்தான் பொங்குதேன். ஒரு நாள்கூட எதுத்து ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"சொல்லிப் பாருங்க மதினி," என்றாள் செண்பகக்கனி. "அது திருப்பிப் பேசாது."